ஜிகினாக் கப்பல்

ரெங்கசாமிக்குச் சுற்றுலா வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. முப்பத்து மூன்று வருஷம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, ஸ்ட்ராபெரி தொப்பி மாட்டிக்கொண்டு, ஒரே தேயிலைச் செடியோடு நூறு படம் எடுத்துவிட்டு, பிரிஞ்சாங் சந்தைக்குச் சோளம் தின்னப் போகும் கூட்டத்தை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர்களைக் கிண்டல் செய்வதே முழுநேர உத்தியோகமாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் கோலாலம்பூரில் நர்ஸாக இருக்கும் மகள் புனிதா, சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டாள். அம்மாவும் அப்பாவும் கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, புக்கெட் தீவுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். நான்கு இரவு.

"எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறி, வழி முழுக்க வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாரு. அதையே நான் காசு குடுத்துச் செய்யணுமா?" என்று போனில் கத்தினார்.

"சும்மா இருங்கப்பா. அம்மாவுக்கு ஆசை லா. உங்களுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க."

மனைவி ரஞ்சிதம் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பிரிஞ்சாங் போய் இரண்டு புதுச் சுடிதார் வாங்கி வந்து, அவர் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்தாள். பட்டுவிட்டது. அறுபத்தொரு வயதில் அவளுக்கு இதுதான் முதல் பயணம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவருடைய வாய் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமே! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயால் கெடுகிறவள் எப்போதும் ரஞ்சிதமாகவே இருந்தாள்.

கப்பலுக்குள் நுழைந்ததுமே வாய் திறந்துகொண்டது. தங்க முலாம் பூசிய படிக்கட்டு. பிளாஸ்டிக் பனைமரம். நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும் நீரூற்று. நாளைக்குப் பஞ்சம் வரப்போவதுபோல் தட்டில் கோபுரம் கட்டித் தின்னும் ஜனம். நீச்சல்குளத்தில் தொந்தியோடு ஆடும் கிழவர்கள்.

"பாத்தியா, எல்லாம் ஜிகினா. சுரண்டுனா உள்ள தகரம்."

"கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்று முதலில் சிரித்தாள் ரஞ்சிதம். சாயங்காலம் நீரூற்று ஊதாவாக மாறியபோது, அதைக் காட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த நிமிஷமே, பாடகன் போட்டிருந்த பளபளச் சட்டையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். முப்பது வருஷப் பழக்கம், கப்பலேறியதும் இறங்கிவிடுமா?

கப்பலில் விடிந்த முதல் காலை இருவருமே நாலரைக்கு எழுந்துவிட்டார்கள். அடுப்பு இல்லாத அறையில் என்ன செய்வதென்று தெரியாமல், ரஞ்சிதம் மெத்தையை உதறி விரித்தாள், குளியலறையைக் கழுவிவிட்டாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பிலிப்பீன்ஸ் பெண் திகைத்து நின்றாள்.

மறுநாள் காலை அவர் மட்டும் எழுந்து மேல்தளத்துக்குப் போனார். கடலைப் பார்த்தார், திருநீறு பூசிக்கொண்டார், எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். ரஞ்சிதம் படுத்திருந்தாள். ஜன்னல் வழியே வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ரஞ்சிதம்."

அசைவில்லை.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. அவர் கண் விழிக்கும்போதே அடுக்களையில் சத்தம் கேட்கும். காய்ச்சலென்றாலும் கேட்கும். அதனால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. வெளியே ஓடி, "டாக்டர்! டாக்டர்! இஸ்திரி சாயா!" என் மனைவி, என் மனைவி என்று தெரிந்த மலாயில் அலறினார். அதே பிலிப்பீன்ஸ் பெண் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூச்சலில் ரஞ்சிதம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"பெரட்டுக்கு நேரமாயிருச்சா? ஐயோ, இன்னும் அடுப்புகூடப் பத்த வைக்கலையே!"

பெரட்டு என்பது விடிகாலையில் தோட்டத்தில் ஆளை எண்ணி வேலை பிரிப்பது. எண்ணியது யார்? இவர்தான். புனிதாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ரஞ்சிதம் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள். "மண்டோர் பொண்டாட்டின்னா தனிச் சட்டமா?" என்று அத்தனை பேர் முன்னால் அவளைத் திருப்பி அனுப்பினார். தம் நேர்மைக்குச் சாட்சியாக அந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது அதே கதை நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

"ஒண்ணுமில்ல. படுத்துக்க" என்றார்.

அவள் படுக்கவில்லை.

அடுத்த நாள் காலை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைப் பூனை மாதிரி சாத்திவிட்டு வெளியேறினார். ஒன்பது மணி வரை மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொந்திக் கிழவர்கள் அன்றும் ஆடினார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. அறைக்குத் திரும்பியபோது ரஞ்சிதம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் சத்தம் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டவர்போல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையேறி வீடு வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே சின்னக்கருப்பன் ஆஜரானார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் பழைய கூட்டாளி. நல்ல கிண்டல் கேட்டு ஒரு வாரம் ஆன ஏக்கம் அவருக்கு.

"சொல்லுங்க மண்டோரே, கப்பல் கூத்து எப்படி?"

ரெங்கசாமி தொண்டையைச் செருமுவதற்குள், தேத்தண்ணியோடு வந்த ரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

"அவரு சொன்னது சரிதாண்ணே. எல்லாம் ஜிகினா. தகரம்."

அவர் மானத்தைக் காப்பாற்ற அவள் அந்த ஊதா நீரூற்றையே தூக்கிப் போட்டுவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. பொறுக்கவில்லை.

"தகரந்தான் கருப்பா, இல்லங்கல. படிக்கட்டச் சுரண்டுனா தங்கம் கையோட வரும். ஆனா அந்தத் தகரத்துக்குள்ளதான் இவ எட்டு மணி வரைக்கும் தூங்குனா. நான் என்னமோ ஏதோன்னு டாக்டரக் கூப்பிட்டுட்டேன். கட்டுன பொண்டாட்டி தூங்குனா எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியல, பாத்துக்க. கப்பலு அசலா இருந்தா என்ன, ஜிகினாவா இருந்தா என்ன? மறுநாளு சத்தமே போடாம வெளிய போயி, ஒம்பது மணி வரைக்கும் தூங்க விட்டேன்."

சின்னக்கருப்பன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கிளாஸைப் பார்த்தார்.

ரஞ்சிதம் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அன்னிக்கு நான் தூங்கலைங்க" என்றாள் மெதுவாக. "நீங்க கதவச் சாத்துனப்பவே முழிச்சுட்டேன். நாலரைதான் இருக்கும். மறுபடியும் பயந்து கத்திருவீங்களோன்னு உக்காந்தே இருந்தேன். நீங்க ஆசையாத் தூங்கவிட்டுப் போனீங்களே, அது வீணாப் போயிருமேன்னு, வர்ற சத்தம் கேட்டதும் படுத்துக்கிட்டேன்."

ரெங்கசாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"புனிதா, ஏழு நாளு போற கப்பல் ஏதாச்சும் இருக்கான்னு பாரும்மா. எப்படி இருந்தாலும் சரி. அம்மாவுக்குத் தூங்கிப் பழக ரெண்டு நாளு வேணும். அதப் பாத்துப் பயப்படாம இருக்க எனக்கு ரெண்டு நாளு வேணும்."