மாதிரிப் புகார் மனு

காலையிலிருந்து பதினேழாவது முறையாக அனுப்பிரியாவின் செல்போன் அடித்தபோது, அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன் ஈரத் துண்டோடு வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"யார் பேசுறது?"

மறுமுனையில் ஒருவன் சிரித்தான். "அனுப்பிரியாவக் குடு பெருசு. எவ்ளோன்னு கேக்கணும்."

கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினார். மேடையேறுவதற்கு முன் செருமுவாரே, அதே செருமல். "தகவல் தொழில்நுட்பச் சட்டம், இரண்டாயிரம். திருத்தம், இரண்டாயிரத்து எட்டு. பிரிவு அறுபத்தாறின்படி நீர் செய்வது..."

"ஏதோ மீட்டிங்குக்குப் போயிடுச்சுடா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அடுப்படி வாசலில் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அரைமணி நேரத்துக்கு முன்புதான் பண்ருட்டி முந்திரிக்கொட்டை வியாபாரி வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. அடுத்த வாரம் பூ வைக்க வருவதாக இருந்தவர்கள். 'பொண்ணு படம் ஆர்குட்டுல போன் நம்பரோட ஓடுதாமே. எங்க பையனே பாத்துட்டான். ஜாதகத்தத் திருப்பி அனுப்பிடறோம்' என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

"நெட்டு நெட்டுன்னு அதுலயே உழுந்து கெடந்தியேடி" என்றாள் அம்மா. "இப்பப் பாரு."

அனுப்பிரியா சிதம்பரத்தில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். அன்றுவரை அவள் இணையத்தில் போட்டிருந்தது ஒரே ஒரு படம். அது செம்பருத்திப் பூ. அதைச் சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் நம்பத் தயாராக இல்லை.

அப்பா இருக்கிறார் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே தெம்பு. கொளஞ்சியப்பன் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கடலூர் மாவட்ட மக்கள் விழிப்புணர்வுப் பேரவையின் செயலாளர். பேரவையில் உறுப்பினர்கள் மூன்று பேர். அதன் லெட்டர்பேடில் பொறுப்பாளர்கள் ஏழு பேர். போன வருஷம் பேரவை சார்பில் ஒரு சிறுநூல் போட்டார்: 'வலையில் சிக்காதே, வளைக்கரமே!' இணையக் குற்றங்களும் பெண்களும் பற்றி முப்பத்திரண்டு பக்கம். முன்னுரையில் மகளைப் பற்றியும் ஒரு பத்தி உண்டு. சொந்தத் தங்கை மகனை மகள் வேண்டாமென்று சொன்னபோது, 'பெண்ணின் சம்மதமே பெரிது' என்று தலைவணங்கிய தகப்பன் நான் என்று எழுதியிருந்தார். அந்தப் பத்தியை அனுப்பிரியா லேப்பில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

"அழுவாத. கௌம்பு" என்றார் அப்பா. "மொதல்ல பக்கத்தப் பாப்போம். அப்புறம் நேரா ஸ்டேஷன்."

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் அடையாள அட்டை கேட்டார்கள். பெயர், முகவரி, வந்த நேரம் எல்லாம் ரிஜிஸ்தரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "இதான் முறை" என்று கடைக்காரனைத் தோளில் தட்டிப் பாராட்டினார் கொளஞ்சியப்பன். "இப்புடி ஒவ்வொருத்தனும் சட்டத்த மதிச்சா நாட்டுல குத்தமே இருக்காது."

தட்டியடைத்த கூண்டுக்குள், ஆர்குட் தளத்தில் அவள் பெயரில் இருந்த பக்கம் திறந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் அனுப்பிரியா. கீழே அவள் செல்போன் எண். அதற்கும் கீழே, அவள் சொன்னதாக, அவள் தன் வாயால் ஒருநாளும் சொல்லாத நான்கு வரிகள். அவளுக்குக் காது சுட்டது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்திருந்தார். வரிகளைப் படிக்கவில்லை. படத்தின் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மஞ்சளாக ஏதோ திட்டு. பழைய மானிட்டர், திரையில் கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "மூடு."

"பிரின்ட் எடுக்கணும்பா. ஸ்டேஷன்ல கேப்பாங்க."

"மூடுன்னு சொன்னேன்ல."

வெளியே வந்ததும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். ஸ்டேஷன் எதிர்ப்பக்கம். "கம்ப்ளெயின்ட் குடுத்தா எஃப்.ஐ.ஆர். போடுவான். பேப்பர்காரன் வருவான். ஊரு பூரா உம்பேரு நாறிடும். ஆறப் போடுவோம்" என்றார். அறுபத்தாறாம் பிரிவு பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தன்னால் எவ்வளவு அவமானம் என்று பின்சீட்டில் உட்கார்ந்து அழுதது அந்தப் பைத்தியக்காரப் பெண்.

மறுநாள் லேப்பில் உடன் வேலை பார்க்கும் ஜான்சி விஷயத்தைக் கேட்டு, முதல் காரியமாக அந்தப் பக்கத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து, தேதியும் நேரமும் எழுதிக் கொடுத்தாள். "உங்கப்பா சொன்னாருன்னு உட்டுடாத. நாளைக்கே அழிச்சிட்டான்னா எதக் காட்டுவ?" அனுப்பிரியா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து அத்தை ராசம்மாள் வந்தாள். கையில் தாம்பாளம், பின்னாலேயே மகன் செம்பியன். கீழவீதிப் பக்கம் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஸ்கேனிங், டைப்பிங் என்று கடை வைத்திருந்தான். 'வளைக்கர'த்துக்கு டைப் அடித்து அட்டை வடிவமைத்ததும் அவன்தான். நூலின் கடைசியில் நன்றி சொல்லியிருந்தது.

"எண்ணே, ஊருல ஆயிரம் பேசுவாங்க" என்றாள் ராசம்மாள். "வெளிய எவன் இனிமே கட்டுவான்? அதுக்காவ எங்கண்ணன் பொண்ண நான் உட்டுருவனா? எம்புள்ளையக் கேட்டேன். 'நடந்தது நடந்துபோச்சி, நான் கட்டிக்கிறம்மா'ன்னான். அவனுக்குப் பெரிய மனசுண்ணே."

பெரிய மனசுக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக நின்றான். "மாமா, நெட்டுன்னாலே இப்புடித்தான். நான் பாத்துக்கறேன்" என்றான். கொளஞ்சியப்பன் எழுந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பங்குனி உத்திரத்தன்று நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். பெண்ணின் சம்மதம் அன்றைக்கு என்னவோ யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

"இன்னா பாக்குற? முறை எங்கயும் போயிடலடி" என்று ராசம்மாள் பெருமையாகத் தாம்பாளத்தை அனுப்பிரியாவிடம் நீட்டினாள். "ரெண்டு வருஷமாச்சி. நீ வேணாம்ன. ஆனா உங்கப்பா குடுத்த போட்டோவ நாங்க சாமிகிட்டயே வெச்சிருந்தோம்."

வெற்றிலை பாக்கு, பூ, வாழைப்பழம். அதன்மேல் ஒரு போட்டோ. மாம்பழ நிறப் பட்டுப்புடவை.

அனுப்பிரியா அதை எடுத்துப் பார்த்தாள். வலது மூலையில், திரையில் பார்த்த அதே மஞ்சள் கறை. கட்டைவிரலை அழுத்தி எடுத்த தடம். பிறை போல வளைந்து, நடுவில் குறுக்கே ஒரு கோடு. பலாப்பழம் அரியும்போது அப்பாவின் வலது கட்டைவிரலில் ஆழமாக வெட்டிக்கொண்ட தழும்பு. அந்தக் கோட்டை அவள் சின்ன வயதிலிருந்தே தடவிப் பார்த்து வளர்ந்தவள்.

அந்தப் படம் மூன்று பிரதி எடுத்தது. வெளி வரன்களுக்குப் படத்தோடு ஜாதகமும் போகும். மஞ்சளை ஜாதகத்தின் மூலையில் வைப்பார்கள். அத்தை வீட்டுக்கு ஜாதகம் கிடையாது. முறை என்றால் பொருத்தம் பார்ப்பதில்லை. அதனால் அந்த ஒரு படத்துக்கு மட்டும், படத்தின் மேலேயே, அப்பா மஞ்சள் குழைத்து விரல் பதித்துக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு, வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் கலர் பிரின்ட்டை வைத்தாள். அதன் பக்கத்தில் போட்டோவை வைத்தாள்.

"இது உங்க வெரலுதானேப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கே தெரிஞ்சிடுச்சில்ல? 'மூடு'ன்னீங்களே, அப்பவே?"

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போகும்வரை காத்திருந்தார். "நான் கூப்ட்டுக் கேட்டேன். அவன் அழுதான். ஆத்தரத்துல பண்ணிட்டன் மாமான்னான்."

"அப்புறந்தான் தாம்பாளம் தூக்கினு வந்தாங்களா?"

"எந்தங்கச்சி புள்ளம்மா அவன். போலீசுன்னு போனா மூணு வருஷம். ராசம்மா தூக்குல தொங்கிடுவா."

"நானு?"

"உனக்கென்ன? அதான் கல்யாணம் கூடி வந்துடுச்சே" என்றார் கொளஞ்சியப்பன். அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் எரிச்சலோடு, "சட்டம்லாம் ஊருக்குச் சொல்றதும்மா. ஊட்டுக்குள்ள கொண்டாந்தா குடும்பம் நிக்குமா?" என்றார்.

பதினேழு போனும் ஒருவன் செய்த வேலையால் வந்தவை. அவனை அவள் ஏற்கெனவே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவனிடம் அவளுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. ஆனால் இந்த மனிதரின் முன்னுரையை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

அப்பா போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாமி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே அந்த ஆர்குட் பக்கம் காணாமல் போயிருந்தது.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் டிபன் பையைத் திறந்தபோது, இட்லி டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அந்தப் போட்டோ.  காலையில் பையைக் கையில் கொடுத்தபோது அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அனுப்பிரியா மதியம் லீவு சொல்லிவிட்டு ஜான்சியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர், "இதெல்லாம் இன்ஸ்பெக்டர்தாம்மா விசாரிக்க முடியும். சட்டமே அப்டித்தான்" என்று ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். அந்த நேரத்தில் அவள் கைப்பையிலிருந்து 'வலையில் சிக்காதே, வளைக்கரமே!'வை எடுத்தாள். முப்பத்தொன்றாம் பக்கம், 'மாதிரிப் புகார் மனு'. அப்பா அலுவலகத்தில் முப்பது வருஷம் படிவம் பார்த்தவர். ஒரு கோடிட்ட இடம்கூட விட்டுப்போயிருக்கவில்லை. ஒரு வார்த்தை மாற்றாமல் வெள்ளைத் தாளில் எடுத்தெழுதினாள்.

குற்றம் செய்தவர் பெயர், தெரிந்தால்: செம்பியன்.

உறவா, அந்நியரா: அத்தை மகன்.

உண்மை அறிந்த சாட்சி: கொளஞ்சியப்பன், செயலாளர், கடலூர் மாவட்ட மக்கள் விழிப்புணர்வுப் பேரவை.

சாட்சியைச் சந்திக்கக்கூடிய இடமும் நேரமும்: இந்த இடத்தில், அப்பா அவள் கல்லூரிக்குப் பேச வரவிருந்ததை யோசித்தாள். பிறகு, 'மார்ச் எட்டு, காலை பதினொன்று, கல்லூரிக் கலையரங்கம்' என்று எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் சுப்பிரமணியன் மனுவை இரண்டு தடவை படித்தார். போட்டோவையும் பிரின்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆர்குட் கம்பெனிக்கு எழுதி விவரம் வர மாசக்கணக்காவும். அதுக்குள்ள இந்தச் சாட்சி பல்டி அடிச்சிட்டா?"

"அடிப்பாரு சார்" என்றாள் அனுப்பிரியா. "ஆனா வெரல மாத்த முடியாதில்ல."

அவர் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு ரசீது போடச் சொன்னார்.

மார்ச் எட்டு. மகளிர் தினம். கல்லூரித் தாளாளர் கொளஞ்சியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'இணையச் சட்டச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார். பேரவையின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அனுப்பிரியாவும் ஜான்சியும் கடைசி வரிசை.

"என் அருமை மகள்களே!" கொளஞ்சியப்பனின் குரல் மைக்கில் கம்மியது. "அஞ்சாதீர்கள்! புகார் கொடுங்கள்! தவறு செய்தவன் உற்றவனாயினும் உறவினனாயினும் சட்டத்தின் முன் நிறுத்துங்கள்!"

அப்போதுதான் பக்கவாட்டுப் படியில் ஏட்டு அய்யனார் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையேறினார். கையில் ஒரு கவர், ஒரு நோட்டு. போலீஸ் என்றதும் தாளாளர் பரவசமாகி, "எஸ்.பி. ஆபீஸ் வாழ்த்துன்னு நெனைக்கிறேன். படிங்க சார், மைக்குலயே படிங்க!" என்றார்.

கொளஞ்சியப்பன் புன்னகையோடு பிரித்தார். மேலே சாட்சி விசாரணைக்கு நோட்டீஸ். கீழே மனுவின் நகல். 'ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்று அவருடைய சொந்த வாக்கியம் தொடங்கியது. அவர் கண்கள் வரிகளில் இறங்குவதை அனுப்பிரியா கடைசி வரிசையிலிருந்து பார்த்தாள். கோடிட்ட இடங்கள் வந்தபோது அவை நின்றன. 

"வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து சார்" என்று ஏட்டு நோட்டை விரித்தார்.

பேனா காகிதத்தில் இரண்டு தடவை வழுக்கி, கீழே விழுந்தது. ஏட்டு குனிந்து எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் நழுவியது. ஏட்டுக்கு அடுத்து இன்னும் இரண்டு இடங்களில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"கையெழுத்து வரலன்னா பரவால்ல சார்" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. "கட்டவெரல வெய்யுங்க, போதும்."

கொளஞ்சியப்பன் அரங்கத்தின் கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலை மையில் தோய்த்து நோட்டில் வைத்தார்.

ஏதோ புதுமாதிரி விருது என்று நினைத்து, மாணவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.