சங்கிலி அறையில் கம்பளம்

யாருக்கு இந்த வரவேற்பு? வருவது நங்கூரச் சங்கிலிதானே, ராஜாவா? அதற்குப் போய்ச் சிவப்புக் கம்பளம்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கள் படகின் முன்முனையில் இருக்கும் சதுர மூடியைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டவள் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். முதலில் நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது. பிறகு வெளிச்சம் சங்கிலிக் குவியலின் ஓரத்தில், பக்கச் சுவர் மேல் விழுந்தது. அங்கே, ஊறிப்போன சிவப்பில், நெயில் பாலிஷ் கொட்டிய கறை ஒன்று தெரிந்தது. அவள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கொட்டியது. அவள் வீட்டுக் கூடத்துக் கம்பளம். நேற்று மகள் ஊரிலிருந்து வந்ததும், "கூடம் ஏன் வெறிச்சுனு இருக்கு?" என்று கேட்டதற்கு, "சலவைக்குப் போயிருக்கு" என்றார் கணவர். பொய்யில்லை. உப்புத் தண்ணீரில் அது நன்றாகவே ஊறிக்கொண்டிருந்தது.

இந்தச் சங்கிலி அறைக்கு ரப்பர் போடுவது, மகளின் பிரசவம் நாளுக்கு முன்பே வந்துவிட்டதால் அவள் அரைகுறையாக விட்டுப் போன வேலை. படகு தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிர்த்தீவுக்குப் போகிறது. அங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது. சாயங்காலம் நங்கூரத்தைத் தூக்கும்போது சேறும் தண்ணீருமாகச் சங்கிலி இந்த அறைக்குள் வந்து விழுகிறது. விழுந்த இடத்தில் பலகையைக் கொத்துகிறது. அலை அடிக்கும்போது இரண்டு பக்கமும் போய் மோதுகிறது. அப்படியே விட்டால் உள்ளே இருந்தே படகைத் தின்றுவிடும். அதனால்தான் கல்குவாரியில் கழித்துப்போடும் தடித்த ரப்பர் பெல்ட்டை வாங்கி, சட்டைக்கு அளவெடுப்பது போலக் காகிதத்தில் அளவெடுத்து வெட்டி, அவள் அறைக்கு உடுப்புப் போட்டிருந்தாள். ஆணி கிடையாது, பசைதான். அடியில் மெல்லிய மரச் சட்டங்கள், தண்ணீர் அவற்றின் இடையே ஓடித் தரையில் இருக்கும் வடிதுளை வழியாக வெளியேறும். பழைய ரப்பர் தேய்ந்துவிட்டதென்று உரித்து எடுத்திருந்தாள். புது ரப்பர் கொட்டகையில் சுருட்டியே கிடந்தது. அதற்குள் போன் வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எப்படி?" என்றது தலைக்கு மேலே ஒரு குரல். கொழுந்தன். படகின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன், ஊரே அவனை இஞ்சின் என்றுதான் கூப்பிடும். எந்நேரமும் அந்தச் சத்தத்தோடு பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூடக் கூவித்தான் சொல்வான். "அண்ணனோட ஐடியா, அண்ணி. நான் வெறும் கைத்தடி."

"இதுக்குள்ள நீ எப்படி இறங்கின?"

"நானா? என் தோளே இதுல போகாது. அண்ணன்தான் தலைகீழா தொங்கினாரு. நான் காலைப் பிடிச்சுக்கிட்டேன். நடுவுல எனக்குத் தும்மல் வேற வந்துருச்சு. நல்லவேளை, ஒரு காலைத்தான் விட்டேன்."

கணவர் டீசல் கேனோடு வந்தார். மீசைக்குள் சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர். "முட்டி உரியுதுன்னு நீ எப்பவோ ஒரு தடவை சொன்ன. ஞாபகம் இருக்கா? அதான் மெத்துனு இருக்கட்டும்னு போட்டேன்."

அவளுக்கு ஞாபகம் இல்லை. எப்பவோ சொன்ன ஒரு வார்த்தையை இவர் எங்கே வைத்திருந்தார் என்றுதான் தோன்றியது. ஏதாவது சொல்லவேண்டும். சொல்வதற்குள் அவர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் படகுத்துறையின் வாசலில் நிறுத்தினார். அங்கே புதிதாக ஒரு கூண்டு. நீல வண்ணம் அடித்து, ஜன்னல் வைத்து, உள்ளே மெத்தை தைத்த நாற்காலியும் ஒரு சின்ன மின்விசிறியும்.

"டிக்கெட் கொடுக்கிற இடம். உனக்குத்தான். பாட்டியாயிட்ட, இனிமே எதுக்கு அந்தப் பொந்துக்குள்ள நெளியணும்? குழியை நாங்க பார்த்துக்கறோம்."

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாகத் துறை முழுவதும் தெரிந்தது. துறைக்கும் அவள் முழுவதும் தெரிவாள். மீன் ஏலம் விடுபவர் கையை ஆட்டினார். பக்கத்துப் படகுக்காரரின் மனைவி வந்து, "பேத்தி யாரு ஜாடை?" என்று ஆரம்பித்தவள், யார் ஜாடையும் இல்லை என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் நகர்ந்தாள். இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேர் இதற்கு ஏங்குவார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, மூடியைப் போட்டு அடைத்தது போல, இருட்டியது.

மகள் வீட்டில் இருந்த நாட்களில் அவள் ஒரு நிமிடம்கூடத் தனியாக இல்லை. அங்கே அவள் எல்லோருக்கும் தேவைப்பட்டாள். அது சந்தோஷம்தான், ஆனால் ஒரு நினைப்பையும் கடைசிவரை நினைத்து முடிக்க முடியவில்லை. பாதியில் குழந்தை அழும், பால் பொங்கும், மாப்பிள்ளை சாவியைத் தேடுவார். இந்தச் சங்கிலி அறையில் மட்டும்தான், முழங்காலை மடக்கி உட்கார்ந்து சங்கிலியை வரிசை வரிசையாக அடுக்கும்போது, அவள் நினைப்புகளுக்கு ஆரம்பமும் முடிவும் இருந்தன. உள்ளே வேறு யாரும் நுழைய முடியாது என்பதால் அங்கே யாரும் அவளைத் தேடி வருவதில்லை. கூப்பிட்டால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் மெத்தை நாற்காலியைவிட எனக்கு அந்தப் பொந்து பிடிக்கும் என்றால், எலியாகப் பிறந்திருக்க வேண்டியவள் என்பார்.

மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தபோது தனக்கு ஏன் உள்ளூர இனித்தது என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேலையை அவர்கள் கெடுத்துவைத்திருந்தார்கள். நன்றாகச் செய்திருந்தால்? பளபளவென்று, குறை சொல்ல இடமில்லாமல் செய்து வைத்திருந்தால், இந்த நேரம் அவள் நன்றி சொல்லிவிட்டு இதே நாற்காலியில் கண்கலங்கிக்கொண்டிருப்பாள். அடுத்தவர் தப்பில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டே எழுந்தாள்.

"தம்பி, சங்கிலியை மேல இழு."

"இன்னிக்கு லீவு, அண்ணி."

"சங்கிலிக்கும்தான் லீவு. இழு."

சங்கிலி முழுவதும் மேல்தளத்துக்கு வந்ததும் அவள் உள்ளே இறங்கினாள். கம்பளத்தைச் சுற்றிலும் கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணிகளை அடித்திருந்தார்கள். ஆணித் தலைகளில் சங்கிலி மாட்டி மாட்டிக் கம்பளத்தை நார் நாராகக் கிழித்திருந்தது. அந்த நார் போய் வடிதுளையை அடைத்திருந்தது. கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். ஆணி இறங்கிய இடங்களில் பலகை தடவிப் பார்த்தால் வியர்த்ததைப் போல ஈரமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விரல் உள்ளே இறங்கியிருக்கும். அதுவரை இருந்த சிரிப்பு அவளுக்கு அடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு துளைக்குள் கையை விட்டு நாரை உருவினாள். தண்ணீர் கடகடவென்று இறங்கி வெளியே கொட்டிற்று. படகின் மூக்கு பெருமூச்சு விட்டது போல மெல்ல எழும்பியதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தாள்.

மேலே கூவிப் பேசிக்கொண்டிருந்த கொழுந்தனின் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, அவனுக்கு வராத சின்னக் குரலில், "அண்ணே, முன்பக்கம் தூக்குது" என்றான்.

"என்னது?"

"இத்தனை நாளா குண்டா இருக்கவங்களையெல்லாம் பின்னாடி போய் உக்காருங்கன்னு விரட்டிக்கிட்டு இருந்தோமே. அதுக்காக ஒரு அம்மா என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு."

"அந்த அம்மா நம்ம பல் டாக்டரோட மாமியார்டா. இனிமே பல்லு வலிச்சாலும் அந்தப் பக்கம் போக முடியாது."

மூடி வழியாகக் கம்பளம் வெளியே போனபோது அண்ணன் தம்பி இருவரும் செத்த திமிங்கலத்தை இழுப்பது போல அதை இழுத்தார்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படகை நிறுத்திவைத்து, மூடியைத் திறந்து போட்டு அறையைக் காயவிட்டாள். கூண்டிலிருந்த மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வந்து உள்ளே ஓடவிட்டாள். கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஆணித் துளைகளில் மரமுளை செருகிப் பசை நிரப்பினாள். சட்டங்களை ஒட்டினாள். புது ரப்பரை, சங்கிலி நேராக வந்து விழும் இடத்தில் இரண்டடுக்காகவும் மோதும் பக்கங்களில் ஓரடுக்காகவும் வைத்து, காலால் உதைத்து உதைத்துப் பதித்தாள். உடம்பு மகள் வீட்டுக்குப் போவதற்கு முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பூசியிருந்தது. நெளியும்போது மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. கணவர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை என்று அந்த இருட்டில் ஒப்புக்கொண்டாள். வலிக்கிறது என்பதும் வேண்டும் என்பதும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

வேலை முடிந்தபோது மாலை வெயில் சதுரமாக உள்ளே விழுந்திருந்தது. அந்தச் சதுரத்தில் கணவரின் தலை தெரிந்தது.

"முடிஞ்சுதா?"

"ம்."

"கம்பளம் போட்டது முட்டாள்தனம்தான். ஒத்துக்கறேன்."

"நல்ல மனசுல செஞ்ச முட்டாள்தனம்."

"அது ஒரு பட்டமா?" என்று சிரித்தார். பிறகு மீசையைத் தடவினார். "எப்படின்னு இப்ப பார்த்துக்கிட்டேன். இனிமே ரப்பர்தான், சட்டம்தான், ஆணியே இல்லை. அடுத்த தடவை நானே செஞ்சிருவேன். இஞ்சின் காலைப் பிடிச்சுக்குவான். நீ நாளையிலேருந்து கூண்டுல உக்காரு. ஆசையா கட்டினேன் இல்ல? சரியா?"

அவர் முகத்துக்குப் பின்னால் வானம் இருந்ததால் கண் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலுக்கு அவள் எத்தனையோ முறை சரி என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சரிகள் எதுவும் வீணாகவில்லை. இப்போதும் நாக்கு அந்த இடத்துக்குத்தான் போனது. அவள் அதைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்திவைத்தாள்.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. "நான் இங்கேயே இருக்கேன். சங்கிலியை உள்ள விடுங்க."

சதுரத்திலிருந்து தலை நகரவில்லை. துறையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு தலை மறைந்தது, மேல்தளத்தில் காலடி கேட்டது. வெயிலில் காய்ந்து சூடாகிப்போன சங்கிலியின் முதல் கண்ணி விளிம்பில் எட்டிப் பார்த்து, ஊசலாடி, அவள் விரித்து வைத்திருந்த இரண்டு கைகளுக்குள் இறங்கியது.