எட்டாத டப்பா

பட்டினி கிடந்தவள் வீட்டில் இவ்வளவு சாப்பாடு எதற்கு?

வந்தவர்களுக்கு டீ போடப் பால் எடுக்கப் போன தங்கை, ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, வெள்ளரிக்காய், ஆப்பிள். கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் சூப். பயறும் கோஸும் கேரட்டும் போட்டு, கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாக. பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. அக்கா நேற்று சாப்பிட்டிருக்கிறாள். நன்றாகவே சாப்பிட்டிருக்கிறாள்.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் காலையிலிருந்து ஒன்றையேதான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உடம்பைக் குறைக்கிறேன் என்று சாப்பிடாமல் கிடந்து உயிரையே விட்டுவிட்டாளாம். முதலில் அப்படிச் சொன்னது அத்தான்தான் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

முன்பெல்லாம் அக்கா பட்டினி கிடந்ததுண்டு. எலுமிச்சைத் தண்ணீரோடு தையல் மிஷின்முன் உட்கார்ந்தால் சாயங்காலம் தலை சுற்றிச் சாய்வாள். அத்தான் இரண்டு கிரீம் பிஸ்கட்டைத் தின்னவைத்து எழுப்பி உட்காரவைப்பார். இந்த முறை அப்படியில்லை. வயிறு காய்ந்தால் எந்த வைராக்கியமும் நிலைக்காது என்று அக்காவே கண்டுகொண்டிருந்தாள். எண்ணெயும் சர்க்கரையும் போன இடத்தில் கிழங்கும் பயறும் வந்தன. ஜூஸ் வேண்டாம், மென்று தின்னப் பழமே இருக்கட்டும் என்பாள்.

"தட்டும் நிறையணும், வயிறும் நிறையணும், இடுப்பு மட்டும் குறையணும். கத்திரியே வைக்காம சட்டையைச் சின்னதாக்குற வேலைடி இது" என்று போனில் சிரித்தாள்.

அத்தான் அதை மாட்டுத் தீவனம் என்பார். அக்கா இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வாள். பிஸ்கட் டப்பாவை மட்டும் அலமாரியின் உச்சியில் வைக்கச் சொல்லிவிட்டாள். அங்கே கை எட்டுவது அத்தானுக்கு மட்டும்தான்.

மேலே போர்த்த நல்ல விரிப்பு ஒன்று கேட்டார்கள். எடுக்கப் படுக்கையறைக்குள் போனாள். அக்கா படுக்கிற பக்கத்தில், சின்ன மேசைமேல் ஒரு தட்டு இருந்தது. அதில் இரண்டு கிரீம் பிஸ்கட். ஒன்றின் ஓரம் மட்டும் கடிபட்டிருந்தது.

விரிப்பைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது அத்தான் சமையலறையில் நின்றிருந்தார்.

"ராத்திரி ஏதாவது சொன்னாளா, அத்தான்?"

"ஒண்ணும் சொல்லல. படுத்தா. காலையில எழுப்பினா அசையல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

"கட்டில் பக்கத்துல பிஸ்கட் இருக்கே?"

அவர் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

"அவளே எடுத்திருப்பா."

"அவளுக்கு எட்டாதே."

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் அவருடைய முதுகையே பார்த்தாள். உடம்பு என்னவோ செய்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பழைய மயக்கம் என்று நினைத்து இவர் டப்பாவை இறக்கியிருக்கிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அப்படித்தானா? இல்லை, பசி இல்லை என்று அக்கா சொன்ன பிறகும் படுத்தாரா? அந்த முதுகிலிருந்து எதுவும் தெரியவில்லை. தோள் லேசாகக் குலுங்கியது. அதைக்கூட அவளால் நம்ப முடியவில்லை.

அவர் குழாயை மூடினார். இழுப்பறையிலிருந்து குப்பைப் பை ஒன்றை உருவி, அவளைப் பார்க்காமல் நீட்டினார்.

"உங்கம்மா வர்ற நேரமாச்சு. அந்த ஃப்ரிட்ஜுல இருக்கிறதையெல்லாம் கொட்டிடும்மா. பாத்தா மனசு தாங்காது." குரலைத் தாழ்த்தினார். "அவ ஒண்ணும் சாப்பிடாமத்தான் கிடந்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. நான் சொன்னா ஆயிரம் கேள்வி வரும். நீ சொன்னா நம்பிடுவாங்க."

அவள் பையை வாங்கினாள். நான்காக மடித்து, எடுத்த இழுப்பறையிலேயே வைத்து மூடினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. கூடத்தில் அழுகை திடீரென்று உயர்ந்தது.

கீழ்த்தட்டுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

"அம்மா வழியில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றாள். "அக்கா நேத்து சாப்பிட்ட இந்த சூப்பையே சூடு பண்ணித் தரேன்."

அத்தான் நகரவில்லை. அவள் தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளற ஆரம்பித்தாள்.