மூன்றாம் முறை பொறுக்கிய அரிசி

1

நயீமா சமையலறைக் கதவைத் தாழிட்டாள். மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தாள். பையிலிருந்த அரிசியை அதன்மேல் கொட்டினாள். சூரியன் மறைந்ததும் பஸ்கா விருந்து; அதற்குள் சோறு வெந்தாக வேண்டும். விரல்கள் பறந்தன. வெளியே காலடிச் சத்தம் வந்து கதவருகே நின்றது. கைப்பிடி மெல்லக் கீழே இறங்க, அவளுடைய நெற்றியில்

(நிறுத்துகிறேன். வாரப் பத்திரிகையில் கொலையும் கடத்தலுமாக எழுதிப் பழகிய கை. கதவைக் கண்டால் கைப்பிடியை இறக்கிவிடும். உண்மையில் அப்போது காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது பிறகு வரும்.)

2

கதை கிடைத்தது ஜன்னல் வழியாக. ராமத் கான் நகரில் எங்கள் கட்டடத்தில் சமையலறை ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தவை. மேலே நயீமா, கீழே நான். அவள் அங்கே அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் முதலில் முடிப்போம் என்று தெரியாது.

சிக்கல் இதுதான். நயீமாவும் நானும் பாக்தாத் வழி வந்த யூதர்கள். எங்களுக்குப் பஸ்கா வாரத்தில் ரொட்டிதான் கிடையாது, வீட்டிலிருக்கும் கோதுமைப் பண்டங்களை விருந்தன்று காலையே எரித்துவிடுவோம்; சோறு உண்டு. ஒரு கோதுமை மணிகூடக் கலந்துவிடக் கூடாது என்று அரிசியை மூன்று முறை பொறுக்குவோம். அவள் கணவன் ஸெலிக் போலந்து வழி. அவர்களுக்கு அந்த வாரம் அரிசியும் ஆகாது. பெண்ணானவள் புருஷன் வீட்டு வழக்கத்துக்கு மாற வேண்டும். மாறினாள். கல்யாணமான நாளிலிருந்து பஸ்கா என்றால் அவளுக்கு உருளைக்கிழங்கு.*

* அவித்தது, வறுத்தது, மசித்தது, துருவிச் சுட்டது. நான்காம் நாள் மறுபடியும் அவித்தது.

3

“அபு யாயிர்! இருக்கீங்களா?”

(என் மூத்தவன் யாயிர். ‘யாயிரின் அப்பா’ என்றுதான் எங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிடுவார்கள்.)

“இருக்கேன், சொல்லு.”

“குங்குமப்பூ இருக்கா? கூடையை இறக்குறேன்.”

“உருளைக்கிழங்குக்கா குங்குமப்பூ?”

“கிண்டலா? சோறு வடிக்கப்போறேன். இன்னைக்கு ராத்திரி, விருந்து மேசையில, எல்லார் முன்னாடியும்.”

என் பேனா நின்றது. “ஸெலிக்குக்குத் தெரியுமா?”

“கேட்டா வேணாம்பார். அதான் கேக்கலை.”

“அவன் எந்திரிச்சுப் போயிட்டா?”

கூடை பாதியில் ஆடிக்கொண்டு நின்றது.

“போகட்டும். ஹைஃபாவுல அவரோட அக்கா வீடு இருக்குல்ல.” பிறகு, மெதுவாக: “போயிடுவாரா?”

“தெரியலையே.”

“அடிமையா இருந்த எகிப்தைவிட்டு எல்லாரும் வெளிய வந்துட்டோம்னு விருந்துல வருஷா வருஷம் வாசிக்கிறாங்க. நான் மட்டும் பார்வோன் வீட்டுல கிழங்கு உரிச்சுட்டு உக்காந்திருக்கேன். சரி, பூவைப் போடுங்க.”

4

வில்லன் வேண்டுமே. முதல் வரைவில் ஸெலிக் மீசையை முறுக்கினான். அவனுக்கு மீசை கிடையாது. இரண்டாவது வரைவில் மேசையைத் தட்டினான். அவன் தட்டுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவிக்குக் காலையில் தேநீர் போட்டுக் கொடுப்பவன். சோற்றுப் பேச்சு எடுத்தால் மட்டும் ஒரே வாக்கியம்: “எங்க அப்பா வீட்டுல இல்ல.” அதையும் மரியாதையாகத்தான் சொல்வான்.

அவன் கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். மரியாதையாகப் பூட்டிய கதவை எப்படி உடைப்பது? என் கதாநாயகர்கள் யாருக்கும் இது

(தெரியாது என்று எழுத வந்தேன். எனக்கும் தெரியவில்லை என்பதால் அப்படியே விடுகிறேன்.)

5

“அபு யாயிர்!” இம்முறை கிசுகிசுப்பு. “மணி ஒண்ணு கிடைச்சுது. கோதுமை. மூணாவது தடவையில!”

மூன்றாம் முறையில் கிடைத்தால் நம்பிக்கை போய்விடும். மறுபடி முதலிலிருந்து மூன்று முறை. வெயில் ஏற்கெனவே எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது.

“நேரம் போதாது, நயீமா. விட்டுடேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு விருந்து முடியுறப்ப பாடுறோமே, பத்தாதா? பாட்டுக்கு அது சரி. வயித்துக்குமா?”

அரிசி மறுபடி துணியில் விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான், நிஜமாகவே, காலடி வந்தது. கதவு தட்டப்பட்டது.

“நயீமா, உள்ள என்ன பண்றே?”

“கோதுமை தேடுறேன்.”

“கோதுமையா? காலைலதான வீட்டுல இருந்ததை எல்லாம் எரிச்சோம்!”

“அரிசியில தேடுறேன், ஸெலிக்.”

காலடி நகரவில்லை.

“எங்க அப்பா வீட்டுல...”

“இல்ல. தெரியும். எங்க அப்பா வீட்டுல இருந்துச்சு.”

இதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

6

முடிவுகள், கைவசம் உள்ளவை:

ஸெலிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹைஃபா போகிறான். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஓவியருக்கு ரயில் நிலையம் வரைய வசதி.)

ஸெலிக் கண் கலங்கி, “எனக்கும் ஒரு தட்டு” என்கிறான். (வாசகிகளுக்குப் பிடிக்கும். நயீமாவுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.)

ஸெலிக் ஒன்றும் சொல்லாமல்

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்று வாக்கியங்களும் ‘ஸெலிக்’ என்றே தொடங்குகின்றன. கதை அவளுடையது.

7

புதிய மூன்று முறையும் சுத்தமாக முடிந்துவிட்டது. அடுப்பில் சோறு. குங்குமப்பூ வாசனை என் மேசை வரை இறங்கிவிட்டது. ஸெலிக் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான்.

“அபு யாயிர், திறக்கப்போறேன். பயமா இருக்கு. ஏதாவது சொல்லுங்களேன்.”

சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. சொன்னால் விழுந்து விழுந்து சிரித்து, இல்லை சட்டியைத் தூக்கி எறிந்து, எப்படியோ பயமில்லாமல் திறப்பாள். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்து திறந்தால், திறந்தவன் நான் ஆகிவிடுவேன். அவள் தெரியாமலே திறக்கட்டும். அந்த ஒரு நொடி அவளுக்கே சொந்தமாக இருக்கட்டும்.

“உப்புப் பாத்தியா?” என்றேன்.

“பாத்துட்டேன். சரியா இருக்கு.” கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

தாழ் நகர்கிறது. பேனாவை வைக்கிறேன். அவன் முகம் எப்படி இருந்தது, மேசையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பஸ்கா வாரமும் ஸெலிக் பகடை ஆடக் கீழே என் வீட்டுக்கு வருவான். ஆட்டம் முடிந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து, அடிப்பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி, நின்றுகொண்டே தின்பான். “மேல தின்னா அப்பாவுக்குத் துரோகம். கீழ நான் விருந்தாளி, போட்டதைத் தின்னுதானே ஆகணும்?” என்பான். கிளம்பும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வருடந்தவறாமல் இன்னொன்றும் சொல்வான்:

“நயீமாகிட்ட சொல்லிடாதே. அவ எனக்காகத்தான் சோத்தையே மறந்து இருக்கா.”