கேட்டது அப்பாவை, சொன்னது மகள்

வாசல் கதவைத் திறந்ததுமே கேஸ் வாடை குப்பென்று அடித்தது. மகள் கைப்பையை வீசிவிட்டு ஓடினாள். அடுப்பை மூடி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அப்பா சமையலறை நாற்காலியிலேயே, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது? வீடே வெடிச்சிருக்குமே!"

அவர் ஒரு காலத்தில் ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்த மனிதர். மனைவி தவறிய பிறகு அவரைக் குளிக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பேரனின் பெயர்கூடத் தடுமாறியது. யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: வயசானா அப்படித்தான்.

போனில் அண்ணன் கறாராகப் பேசினான். "மறதி முத்திடுச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு. அவங்களும் ஆமான்னு சொன்னா, பூட்டு போட்டுப் பாத்துக்கிற இல்லத்துல விட்டுடலாம். இன்னொரு தடவை தாங்காது."

மறுநாள் மகள் நடந்ததைச் சொல்லி முடித்ததும், டாக்டரம்மா அப்பாவைத்தான் கேட்டார். "நல்லா தூங்குறீங்களா?"

"எங்க தூங்குறார்? விடிய விடிய முழிச்சிட்டே இருப்பார்" என்றாள் மகள்.

"சாப்பாடு?"

"ஊட்டாத குறைதான் டாக்டர்."

பாவம், அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்பாவைச் சிரமப்படுத்தக் கூடாதென்று எங்கே போனாலும் அவளே முந்திக்கொள்வாள். அப்படியே அவர் பேச்சு நின்றுபோனது அவளுக்கு உறைக்கவேயில்லை.

டாக்டரம்மா கையை உயர்த்தினார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. ஐயா, அடுப்பை மூட மறந்துட்டீங்களா?"

மகளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மறக்கல" என்றார் அப்பா, மெதுவாக. "டீ போடலாம்னு திருகினேன். யாருக்குன்னு தோணுச்சு. தீப்பெட்டி கையிலதான் இருந்துச்சு, கிழிக்க மனசு வரல. உக்காந்துட்டேன்."

"வாடை தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆகறது ஆகட்டும்னு விட்டுட்டேன்."

மகளால் அழுகையை அடக்க முடியவில்லை.

"இது மனச்சோர்வு. வியாதிதான், வைத்தியம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மனசு இப்படி முடங்கினா ஞாபகமும் தடுமாறும். கவனிக்காம விட்டா மறதி நோயில கொண்டுபோய் விடவும் வாய்ப்பிருக்கு. அதையும் சோதிச்சுடலாம். ஆனா இப்போதைக்கு இவரைத் தனியா விடாதீங்க."

வெளியே வந்து, ஒரு கையால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு மகள் அண்ணனை அழைத்தாள்.

"இல்லமும் வேணாம், ஒண்ணும் வேணாம். லீவு போட்டுட்டுக் கிளம்பி வாண்ணா. வயசானா இப்படித்தான்னு நாமளே தீர்ப்பு எழுதிட்டோம். பெரியவங்க தடுமாறினா, மனசுல என்ன பாரம்னு முதல்ல அவங்களைத்தான் கேக்கணும். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம வாயை மூடிட்டு இருக்கணும்."