வார்டுத் தமிழ்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு, ஜெனீவாவில் ஒரு மாநாட்டு மண்டபத்தின் முதலுதவி அறைக்குள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு நெஞ்சு வலி. மற்றவருக்கு அவசரம்.

அன்று அங்கே தாதியாக இருந்தவள் தக்ஷிகா யோகராஜா. ஜெனீவாவிலேயே பிறந்தவள், வயது இருபத்தேழு. வேலையில் பிரெஞ்சு, வீட்டில் அம்மாவோடு யாழ்ப்பாணத் தமிழ். மண்டபத்தில் ஒரு கடலோர நாட்டின் முதலீட்டு மாநாடு நடந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் அந்த நாட்டின் புதுத் துறைமுகமும் இறால் பண்ணைகளும் படங்களாகத் தொங்கின. மறுநாள் காலை பத்து மணிக்கு வெளிநாட்டு நிறுவனங்களோடு பெரிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாக வேண்டும். சுவிஸ் நிறுவனங்களும் அதில் இருந்தன.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நரைத்த தாடி. அட்டையில் ‘டாக்டர் இத்ரிஸ், பொதுச் சுகாதார இயக்குநர்’ என்று இருந்தது. கூட வந்த இளைஞன் நீலக் கோட்டு போட்டிருந்தான். அவன் ‘உதவிச் செயலாளர்’. தக்ஷிகா நோயாளியிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவனே ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

“மூன்று மணிக்கு இவர் மேடையில் பேச வேண்டும். ஏதாவது ஒரு மாத்திரை கொடுங்கள், போதும்.”

தக்ஷிகா இரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கைப்பட்டியைக் கழற்றக் குனிந்தபோது டாக்டரின் கண் அவள் பெயர் அட்டையில் நின்றது.

“நீங்க தமிழா?” என்றார்.

அவள் கையிலிருந்து பட்டி நழுவிவிட்டது. ஒரு வெளிநாட்டு வாயிலிருந்து, அதுவும் சுத்தமான மதுரைப் பேச்சு.

“ஓம்... ஓம், டொக்டர். உங்களுக்கு எப்பிடித் தமிழ்?”

“மதுரை மெடிக்கல் காலேஜ். ஆறு வருஷம். வார்டுல கத்துக்கிட்டேன்.” வலி தாங்காதவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். “எங்க வலிக்குதுன்னு கேளுங்க. கேட்டுக்கிட்டே இருங்க.”

“இது என்ன மொழி?” என்றான் நீலக்கோட்டு.

“படிக்கும்போது இந்தியாவில் கற்றது,” என்று டாக்டர் ஆங்கிலத்தில் முனகினார். “இவளும் அந்த மொழிக்காரி. வலியைச் சொல்ல எனக்கு இதுதான் சுலபம்.”

தக்ஷிகா ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பில் வைத்தாள். “எங்க நோகுது?”

“எனக்குப் பிரஷர் மட்டும்தாம்மா நிஜம். எங்க துறைமுக ஊர்ல காலரா. நாலு வாரமா. வாந்தி, பேதி, பச்சப் புள்ளைங்க செத்துப் போகுது. காலரான்னு சொன்ன டாக்டருங்க அஞ்சு பேர் ஜெயில்ல. மூணு மணிக்கு மேடையேறி அப்படி ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லணும்.”

“ஏன் மறைக்கினம்?”

“நாளைக்குக் கையெழுத்து. காலரான்னு தெரிஞ்சா எங்க இறாலை எவன் வாங்குவான்?”

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது அவருடைய இதயமா தன்னுடையதா என்று தக்ஷிகாவுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நீலக்கோட்டு தன் கைபேசியை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துகொண்டிருந்தான். திரையில் ‘தமிழ்’ என்று வந்துவிட்டது. டாக்டரும் அதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு, பூம்ப்ளிஸ் என்ற ஊரில் இருக்கும் சித்தியோடு அம்மா தொலைபேசியில் கதைக்கும் அதே வேகத்தில் ஆரம்பித்தாள்.

“நான் கேக்கிறதுக்கு வாயால ஒண்டும் சொல்லாதேங்கோ, ஓமெண்டா என்ர விரலை ஒருக்கா அமத்துங்கோ, இல்லையெண்டா சும்மா கிடவுங்கோ, விளங்குதோ?”

நாடி பார்க்கும் அவள் விரலை அவர் அழுத்தினார். செயலி திணறியது. முதலில் ‘குடை’ என்று காட்டியது, அடுத்து ‘அத்தையின் விரல்’ என்று. நீலக்கோட்டு கைபேசியை உதறிவிட்டு இன்னும் கிட்டத்தில் பிடித்தான்.

“உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டா நல்லதோ?”

பலமாக ஓர் அழுத்தல்.

“வீட்டாக்கள் அங்கயோ? அவைக்கு ஆபத்தோ?”

இன்னும் பலமாக. பிறகு டாக்டர் வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாக, செயலிக்குப் புரியும்படியே, “ஆறு மணிக்குத்தான் வலி போகும்,” என்றார். திரை அதைச் சரியாகவே காட்டியது. நீலக்கோட்டு படித்துவிட்டுத் தலையாட்டினான். தக்ஷிகாவுக்கு விளங்கவில்லை. ஆறு மணிக்கு என்ன?

அவள் எழுந்து 144-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டாள். நீலக்கோட்டு பாய்ந்து வந்தான். “முடியாது! அமைச்சரின் உத்தரவு!”

“இந்த அறைக்கு நான்தான் பொறுப்பு,” என்றாள் ஆங்கிலத்தில். “நெஞ்சு வலி, இந்த அழுத்தம். அனுப்பாவிட்டால் என் உரிமம் போய்விடும். அதைவிட, எல்லாக் கேமராவுக்கும் முன்னால் உங்கள் இயக்குநர் மேடையில் விழுந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா?”

அந்தக் கடைசிக் கேள்வி வேலை செய்தது. மொழிபெயர்ப்பாளராக வருகிறேன் என்று சொல்லி, வேலையைச் சக தாதியிடம் விட்டுவிட்டு, தக்ஷிகாவும் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவர் நீலக்கோட்டைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். மருந்து ஏறியது, நெஞ்சில் வயர்கள் ஒட்டினார்கள். இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறையில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தபோது டாக்டர் எழுந்து உட்கார்ந்தார்.

“பேப்பர் எடுங்க.”

கிடைத்தது கையுறைப் பெட்டியின் அட்டைதான். அதைக் கிழித்து எழுதினாள். ஊருக்கு வந்துகொண்டிருந்த குடிநீர்க் குழாயைத் துறைமுகத்துப் புதுத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். ஊர் பழைய கிணறுகளுக்குப் போனது. கிணறுகளில் சாக்கடை கலந்தது. மூன்று ஆஸ்பத்திரி. எண்பத்தெட்டு மாதிரியில் அறுபத்தொன்றில் காலரா கிருமி. தேதிகள், தெருக்கள், சாவுகள், சிறையிலிருக்கும் ஐந்து பேரின் பெயர்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார்.

“டொக்டர், ஒரு நோயாளி சொல்லுறதை வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

“இது நோயாளி சொல்றது இல்லம்மா. டாக்டர் சொல்றது. தாராளமா சொல்லுங்க. ஆனா ஆறு மணிக்கு அப்புறம். என் சம்சாரமும் பொண்ணும் இப்ப ஒரு மீன் படகுல இருக்காங்க. இங்க ஆறு மணின்னா அவங்க அக்கரை சேர்ந்திருப்பாங்க. அங்க மச்சான் நிப்பாரு.” மைத்துனரின் எண்ணையும் மனப்பாடமாகவே சொன்னார். அவருடைய கைபேசி நீலக்கோட்டின் பையில் இருந்தது. அவர்கள் கரை சேர்ந்ததும் தனக்குத் தெரிவிக்கும்படி, தக்ஷிகா தன் கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அவர் பெயரில் ஒரு செய்தி அனுப்பிவைத்தாள்.

பிறகு அஞ்சனாவை அழைத்தாள். அஞ்சனா கோயம்புத்தூர்க்காரி. உலகில் எங்கே தொற்று நோய் கிளம்புகிறது என்று கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் இருவரும் பேட்மின்டன் ஆடுவார்கள். மடிக்கணினியோடு அரை மணி நேரத்தில் வந்து நின்றாள். அட்டையைப் படித்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் கத்தியேவிட்டாள்.

“தக்ஷி! அந்த ரெண்டு மாலுமி! போன வாரம் வேற ஒரு துறைமுகத்துல ரெண்டு பேருக்குக் காலரா. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம். அவங்க கப்பல் இந்தத் துறைமுகத்துல நின்ன தேதி அப்படியே பொருந்துது. இப்பவே அனுப்பறேன்!”

“ஆறு மணி மட்டும் பொறுக்கோணும்.”

“பொறுக்கவா? இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள எத்தனை குழந்தைங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆனா இவரோட வந்தவன் வெளியில கதிரையில இருக்கிறான். இப்ப விசயம் வெளிக்கிட்டா ஆர் சொன்னதெண்டு அவனுக்கு உடன விளங்கும். அந்தப் படகைப் பிடிக்க ஒரு ஃபோனே காணும்.”

அஞ்சனா டாக்டரைப் பார்த்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “நான் டாக்டருந்தான், அப்பனுந்தான். ரெண்டு பேருமா சேர்ந்து கேக்கறேன்.”

அஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. அறிக்கை முழுவதையும் தட்டச்சு செய்தாள். எந்த ஊர், யார் சொன்னது என்று எதுவும் சொல்லாமல், பக்கத்து நாட்டுக் கிடங்கில் உப்புக் கரைசல் பொட்டலங்களும் சலைனும் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் கப்பலில் ஏற்றலாம் என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்று மணிக்கு மாநாட்டு மேடையில் இயக்குநருக்கு உடல்நலமில்லை என்று அறிவித்தார்கள். அவர் சொல்ல வேண்டிய பொய்யை வேறு யாரும் சொல்லவில்லை.

ஐந்து நாற்பதுக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நீலக்கோட்டு யாருடனோ வேகமாகப் பேசினான். டாக்டர் கதவுப் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார்.

“எங்க வீட்டுக்கு ஆள் அனுப்பறான்.”

இயந்திரத்தில் அவருடைய நாடித்துடிப்பு நூற்று இருபதைத் தாண்டியது. ஆறு மணி ஆயிற்று. தக்ஷிகாவின் கைபேசி சும்மா கிடந்தது. ஆறு பத்து. அஞ்சனாவின் விரல் அனுப்பும் பொத்தான் மேலேயே இருந்தது.

“தக்ஷி...”

“இன்னும் கொஞ்சம். பிளீஸ்.”

ஆறு இருபத்துநாலுக்குக் கைபேசி அதிர்ந்தது. ஒரு படம். நனைந்த பாவாடையோடு பத்து வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஆரஞ்சுப் பானம், பின்னால் வேறொரு நாட்டின் கொடி. டாக்டர் கைபேசியைப் பிடுங்கி நெஞ்சில் வயர்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். இயந்திரம் அலறியது. “அனுப்புங்க! அனுப்புங்க!” என்று அவரும் அலறினார். அஞ்சனா அனுப்பிவிட்டாள். அலாரம் கேட்டு ஓடிவந்த தாதிக்கு எதுவுமே புரியவில்லை. நோயாளி அழுகிறார், இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள்.

திறந்த கதவு வழியாக நீலக்கோட்டு எட்டிப் பார்த்தான். டாக்டர் தங்கள் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவன் திரும்பி நடந்தான்.

“என்ன சொன்னீங்கள்?”

“நான் வரலை, நீ மட்டும் போன்னு சொன்னேன்.”

புதன்கிழமை காலை அந்த அரசுக்கு அதிகாரபூர்வமான கேள்வி போயிற்று: இந்த மூன்று ஆஸ்பத்திரிகளில் நடப்பது என்ன? கையோடு, ஐந்து டாக்டர்கள் எங்கே என்று மருத்துவர் சங்கங்களும் பெயர் சொல்லிக் கேட்டன. மாலுமிகளின் செய்தி வெளியானதும் நிறுவனங்கள் பின்வாங்கின, பத்து மணிக் கையெழுத்து தள்ளிப்போயிற்று. வியாழன் நண்பகல், துறைமுக ஊரில் காலரா இருப்பதாக அரசு இரண்டே வரியில் ஒப்புக்கொண்டது. மூன்று டாக்டர்களை விட்டார்கள். இரண்டு பேரை இன்னும் விடவில்லை.

வியாழன் மாலை தக்ஷிகா பார்க்கப் போனபோது டாக்டர் வார்டில் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில், ஆஸ்பத்திரி உடுப்போடு, ஜன்னலருகே நின்று, யாரிடமோ இரவல் வாங்கிய கைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் துறைமுக ஊரின் தலைமைத் தாதி. சலைன் பெட்டிகள் இறங்கிவிட்டன, கூடாரம் எங்கே போடுவது, கிணறுகளுக்குக் குளோரின் எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வாரமாக ‘காலரா’ என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் இருந்தவள் இப்போது அதை உரக்கச் சொல்லிக் கேட்டாள். இவரும் உரக்கவே பதில் சொன்னார். மெதுவாகப் பேசுங்கள் என்று இரண்டு தாதிகள் சைகை காட்டியும் அவர் கவனிக்கவில்லை.

தக்ஷிகாவைப் பார்த்ததும் கைபேசியை மறைக்காமலே கூவினார்:

“பள்ளிக்கூடத்துலயே கூடாரம் போடச் சொல்லிட்டேம்மா! நாப்பது கட்டில்! இன்னைக்கே!”