தலை எந்தப் பக்கம்?

எங்கள் குலம் ஏக்கே என்ற மலைப்பாம்பைத் தெய்வமாக வணங்கும் குலம். அதைத் தெரியாமல் கொன்றாலும், மனிதனுக்குச் செய்வதுபோல் பெட்டியில் வைத்து, துணி போர்த்தி அடக்கம் செய்யவேண்டும். கொன்ற வீட்டுக்கு அது தலைக்குனிவு. என் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

அன்று காலை மரவள்ளிக் கொல்லையில் மருமகள் உசோவாமாக்கா மண்வெட்டியோடு நின்றாள். காலடியில், சேறு அப்பிய பாம்பு பந்தாகச் சுருண்டு கிடந்தது. வெளியே நீட்டியிருந்த நுனியில் ரத்தம்.

"மண்ணுக்குள்ள இருந்தது மாமா. தலையிலயே வெட்டிட்டேன்."

பக்கத்துக் கொல்லைக்காரன் ஒக்வுதிலி அதற்குள் வேலி தாண்டி வந்துவிட்டான்.

"பாம்பு திங்கற ஊர்ல பொண்ணு எடுத்தா இப்படித்தான் அண்ணே. நல்லவேளை, குழம்பு வைக்கல!"

மருமகள் தலை கவிழ்ந்தாள்.

"என் வீட்டு அடக்கத்தை நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடு" என்றேன். பெட்டி செய்யத் தச்சன் எமெனிக்கேயை அழைத்துவரச் சொன்னேன்.

அவன் அளவுக் கயிற்றோடு வந்து, பாம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெரியவரே, தலை எந்தப் பக்கம்?"

"வெட்டுப்பட்ட பக்கம்தான்."

"அதுல வாயே இல்லையே!"

யாருக்கும் குனியாதவன் நான். அன்று மண்ணில் முழங்கால் ஊன்றிக் குனிந்தேன். வாய் இல்லை, கண்ணும் இல்லை. ஆறிப்போன பழைய தழும்புகள் மட்டும் ஏராளம். சேற்றின்மீது தண்ணீர் ஊற்றினேன். கரும்பழுப்பு உடம்பு, அங்கங்கே செம்புள்ளிகள். ஏக்கேயின் மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை.

காத்திருந்தோம். பந்து மெல்லத் தளர்ந்தது. நடுவிலிருந்து அதேபோல் மொண்ணையான இன்னொரு நுனி வந்தது. அதில் கடுகளவு கண். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது.

"உசிரோடதான் இருக்கு!" என்றாள் மருமகள்.

எமெனிக்கே சிரித்தான். "இது ஏக்கே இல்ல, வேற பாம்பு. மரம் வெட்டற எடத்துல பாத்திருக்கேன். எலி வளைக்குள்ள பூந்து குஞ்சுங்களத் திங்கும்போது வாலை நீட்டிக் காட்டும். தாய் எலி அதத்தான் தலைன்னு நெனச்சுக் கடிக்கும்."

"எலி ஏமாந்தது சரி ஒக்வுதிலி. நீ ஏன்டா ஏமாந்தே?" என்றேன். நானும் ஏமாந்ததை யாரும் நினைவூட்டவில்லை.

பாம்பு ஈரமண்ணைத் தலையால் நெம்பி உள்ளே இறங்கியது. கடைசியில் வால் மட்டும் நிமிர்ந்து நின்றது, எங்களை எடைபோடுவதுபோல். ஒக்வுதிலி ஓரடி பின்வாங்கினான்.

"அண்ணன் சம்பந்தம் பண்ணின ஊரு நல்ல ஊருதான்" என்று முனகினான்.

"சத்தமா சொல்லு. மருமகளுக்குக் கேக்கணும்."

சொன்னான்.